பீங்கான் தண்ணீர்

ஷெய்கு அப்பாவுக்குக் குரல் போய்விட்டது, கண்ணுகளா. காலமெல்லாம் ஞானப்பாட்டு எழுதிய கை மட்டும் இன்னும் அசைந்தது. பீங்கான் தட்டில் அவர் குங்குமப்பூ மையால் எழுதித் தருவதைக் கழுவிக் குடித்தால் நோய் தீரும் என்று வாசலில் சனம் நெருக்கியடித்தது. எழுதியதை யாராவது படித்துவிட்டால் பலன் போய்விடும் என்பது அங்கே நம்பிக்கை. அதனால் மனைவி சுலைகா காலையிலிருந்து முகத்தைத் திருப்பியபடியே தட்டுகளைக் கழுவி, வந்தவர்களின் செம்புகளில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“அப்பா நிறுத்தாம எழுதுறாக, உம்மா! ஊரு நோயெல்லாம் இன்னைக்கே ஓடிரும்” என்று சீடன் மீறான் உள்ளறையிலிருந்து அடுத்த தட்டைக் கொண்டுவந்து நீட்டினான்.

மை வழிந்து அவள் விரலில் ஒட்டியது. என்னவென்று குனிந்த கண் எழுத்தின் மேல் விழுந்துவிட்டது.

‘சுலைகா, தண்ணி தா.’

கூஜாவை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். எழுதுகோல் அவர் விரல்களுக்குள் அப்படியே இருந்தது. வாயில் ஊற்றிய தண்ணீர் கடைவாய் வழியாகத் தாடியில் இறங்கித் தலையணையை நனைத்தது. அவள் மறுபடியும் ஊற்றினாள்.

வாசலில் ஒருத்தி கெஞ்சினாள். “புள்ளைக்கு உடம்பு கொதிக்குது, லாத்தா. அந்தத் தண்ணியில ஒரு மடக்காச்சும் குடுங்களேன்.”