நான்கு கிலோமீட்டர்

"வெள்ளிக்கிழமை உங்க வண்டியில ஒரு பொம்பள இருந்தாளாமே?" என்று செவஸ்தி கேட்டாள்.

தபால் வண்டி ஓட்டும் அவள் கணவன் மினாஸ், "யார் சொன்னது?" என்றான்.

"'யார் அவ'ன்னு கேக்கல பாத்தீங்களா? இன்னைக்கு நானும் வரேன்."

கிரேக்கத்தின் கார்பதோஸ் தீவில், வடகோடி ஊருக்கு இருவரும் கிளம்பினார்கள். கடலுக்கு மேலே செங்குத்துப் பாறையில் பாதை ஒடுங்கும் இடத்தில் மினாஸ் வண்டியை நிறுத்தினான். அங்கே ஒருத்தி காத்திருந்தாள்.

"இவதானா?" என்றாள் செவஸ்தி.

மினாஸ் சாவியைக் காத்திருந்தவளிடம் கொடுத்துவிட்டு, பின்னால் தபால் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டான்.

"போன குளிர்காலத்துல இவர் கண்ணெதிர்லயே ஒரு லாரி கடல்ல விழுந்துச்சு," என்றாள் அந்தப் பெண், ஓட்டுநர் இருக்கையில் ஏறியபடி. "அதுலருந்து இந்த நாலு கிலோமீட்டர் மட்டும் இவரால ஓட்ட முடியல. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும். எங்க ஊருக்கு மருந்து இந்த வண்டியிலதான் வருது. அதான் நான் ஓட்டுறேன்."

செவஸ்தி இறங்கிப் பின்னால் போய், ஒரு மூட்டையை ஒதுக்கிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கையைப் பிடித்தாள்.

"மெதுவாப் போ, தங்கச்சி," என்றாள்.