நிற்க ஓர் ஆள்

மங்கா வண்டியில் ஏறிவிட்டாள்.

மஞ்சள் புடவை. தலை கொள்ளாத கனகாம்பரம். ஏறின கையோடு முந்தானையை வேறு ஒருமுறை உதறிச் சரிசெய்கிறாள்.

செங்கல் சூளையின் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் அவள்.

வயிறு எரிந்தது.

மாசிப் பௌர்ணமிக்கு இருளர் சனம் முழுக்கக் கடற்கரையில் கூடும். மணலில் ஏழு படி கட்டிக் கன்னியம்மாவைக் கும்பிடும். பொழுது விடியும்போது கல்யாணங்கள் நடக்கும். நாளைக்கு இவள் தங்கைக்கும் கல்யாணம். தாயில்லாத அந்தப் பெண்ணை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இவள்.

மங்கா போகலாம். இவள் போகக்கூடாது.

சூளையின் சட்டம் அப்படி. ஒருவர் வெளியே போனால், அவருடைய ஆள் ஒருவர் உள்ளே நிற்க வேண்டும்.

மேஸ்திரியின் பக்கத்தில் நின்றிருந்தார்கள் மங்காவின் புருஷனும் சின்ன மகளும். மங்கா நிறுத்திவிட்டுப் போகிறவர்கள். மகள் இரண்டு கையையும் ஆட்டினாள்.

பிணை நிற்கக்கூட ஆள் வைத்திருக்கிறாள், பாவி.

"மேஸ்திரி, நானும் போய்ட்டு வந்துர்றேன்."

அவன் பல் குத்திக்கொண்டே திரும்பினான். "போயேன். யாரை நிக்க வெக்கிற? உங்கப்பன் முன்பணத்த வாங்கிட்டு செத்துட்டான். நீயும் போய்ட்டா நான் யாரப் புடிச்சி வெக்கிறது? நீ அறுத்த கல்லையா?"

வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மங்காவும் சிரித்தாள்.

மற்றவர்கள் சிரித்ததை இவள் பொறுத்திருப்பாள்.

விருட்டென்று திரும்பி நடந்தாள். குழியில் மண் மிதித்துக்கொண்டிருந்தான் வேம்புலி. அவனும் தனி ஆள்தான். போன வருஷம் 'என்னக் கட்டிக்கிறியா' என்று கேட்டவனை, 'மூஞ்சியக் கழுவிட்டு வந்து கேளு' என்று சொல்லிச் சூளையே சிரிக்கும்படி விரட்டியிருந்தாள்.

"யோவ். இப்பக் கேளு."

புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் குழியை விட்டு ஏறினான்.

தொட்டித் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினான்.

மேஸ்திரிக்கு ஒரே வேடிக்கை. "டேய், நெசமாத்தானா? இவ திரும்பி வரலேன்னா இவ கணக்கும் உன் தலையிலதான். காலம் பூரா இங்கியே கெடப்ப. சம்மதமா?"

"வருவா மேஸ்திரி."

அவ்வளவுதான் சொன்னான். மங்காவின் புருஷன் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். ஈரத் தலையைக் கையால் வாரிவிட்டு, முதுகை நிமிர்த்தி, பெண்டாட்டியை ஊருக்கு அனுப்புகிறவன் மாதிரியே.

அவள் தாவி ஏறினாள். மங்காவை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வண்டி நகர்ந்தது.

மங்கா எக்கி எக்கி மகளைப் பார்த்தாள். வளைவு தாண்டி வெறும் புகை மட்டும் தெரிந்தபோதும் பார்த்தாள். முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். பிறகு இவள் பக்கம் திரும்பினாள்.

இவள் ஒருமுறைகூடப் பின்னால் பார்க்கவில்லை.

எதிர்க்காற்று முகத்தில் அடித்தது. இவள் கண்ணை மூடவில்லை.

"நாளன்னிக்குக் காலையில இதே வண்டிதான் திரும்புது. தெரியுமில்ல?"

இவள் எதிரே ஓடிவந்த ரோட்டையே பார்த்தாள்.

"ஏய், உன்னத்தான்."

மங்கா இவளை மேலும் கீழும் பார்த்தாள். தன் மடியில் பொத்தி வைத்திருந்த, மகளுக்கு வளையல் வாங்குவதற்கான அளவு வளையலைப் பார்த்தாள். மறுபடி இவள் முகத்தைப் பார்த்தாள்.

மெல்ல நகர்ந்து, இவளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"உனக்கென்னடி," என்றாள் மங்கா. "குடுத்துவெச்சவ."