நிழல் கொடுத்த சம்மதம்

டிஜிட்டல் ஊடக முதுகலை வகுப்பில் யார் விடுப்பு எடுத்தாலும், அவர்களைப் போலவே யோசித்துப் பேசும் ஒரு கணினி நிழல் அவர்களுடைய குழுவில் உட்கார்ந்து வேலையைத் தொடரும். அம்மை போட்டுப் படுத்திருந்த எஸ்தர் திரும்பி வந்தபோது, அவள் குழுவின் ஆவணப்படம் முடிந்திருந்தது. ஆற்றங்கரையில் வீடு இடிக்கப்பட்டு, ஊருக்கு வெளியே அனுப்பப்பட்டவர்களைப் பற்றிய படம். அதில் பேசியது அவளுடைய அம்மா ஆரோக்கியம்.

எஸ்தர் படம்பிடித்த அன்று அம்மா மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விட்டிருந்தாள். முடிந்த படத்திலோ புது வீட்டு வாசலில் நின்று, "பரவால்ல, பழகிடுச்சு" என்று சிரித்தாள்.

"எங்கம்மா இதைச் சொல்லவே இல்லையே!"

"கம்ப்யூட்டர்ல அப்படிப் பேச வச்சோம். உன் நிழல் ஒத்துக்கிச்சு," என்றான் குழுத்தலைவன் நிவேதன். "நாலு பேரும் பேசித்தான் முடிவு பண்ணோம்."

"நாலாவது ஆளு நான்டா!"

"கத்தாத எஸ்தர். அது ஒருநாளும் கத்தினதில்ல. அதோட வேலை பாக்கறது எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"

மற்ற இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மறுநாள் திரையிடலுக்கு அம்மாவை அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்தாள். திரையில் சிரிப்பைக் கண்டதும் அம்மா துள்ளி எழுந்தாள்.

"யார்டி இவ? என் மூஞ்சிய வச்சிக்கினு பொய் சொல்றா!"

பேராசிரியை பதறி ஓடிவந்தார். எஸ்தர் குறுக்கே போய் நின்றாள்.

"உக்காருங்க மேடம். எங்கம்மா இன்னும் பேசி முடிக்கல."