மெட்ராஸ் கிருமி

தறியில் ஏற்றுவதற்காகத் தெருவில் நீளமாக விரித்திருந்த பட்டு நூல் பாவின் மேல் மயில்வாகனம் அந்தக் கொழகொழப்பைத் தடவ ஆரம்பித்ததும், அவன் பெண்டாட்டி கமலவேணி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

காஞ்சிபுரத்தில் இழை அறாமலிருக்கப் பாவுக்கு அரிசிக்கஞ்சிதான் போடுவார்கள். அந்த வருஷம் ரேஷன் அரிசி வாய்க்கே போதவில்லை. மனுஷனுக்கே சோறில்லை, நூலுக்கு என்ன கஞ்சி வேண்டிக்கிடக்கிறது என்றான் மயில்வாகனம்.

மெட்ராஸில் காலேஜ் லேபில் வேலை பார்க்கும் சிநேகிதனைப் பிடித்து, சர்க்கரைத் தண்ணீரைப் பசையாக்கும் கிருமி என்று ஒரு சின்ன பாட்டில் வாங்கிவந்தான். சர்க்கரைத் தண்ணீர்ப் பானையில் ஊற்றச் சொல்லி கமலவேணி கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனான்.

பானை நுரைத்தது, புளித்தது, இழுத்தால் நூலாக வந்தது. ரேஷன் சர்க்கரை பூராவும் அதற்கே போய், வீட்டில் வெல்லக் காப்பிதான்.

இன்றைக்குத் தடவுவது முகூர்த்தப் புடவைக்கான பாவு, முதலாளி கொடுத்த பட்டு. இழைகள் ஒட்டிக்கொண்டால் இனி அவர் வாசலை மிதிக்க முடியாது, தறி சும்மா கிடக்கும். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

பாவு நன்றாக வந்தால் மொட்டை போடுவதாகக் குமரகோட்டத்து முருகனிடம் கமலவேணி வேண்டிக்கொண்டாள். புருஷன் தலையைத்தான்.

பாவு காய்ந்தது. ஆளாளுக்கு விரலால் சுண்டிப் பார்த்தார்கள். ஓர் இழைகூட அறவில்லை, ஒட்டவுமில்லை.

மயில்வாகனத்துக்குத் தலைகால் புரியவில்லை. லேபில் வளர்ந்த கிருமி, ஊர்க்கிருமிக்கு இந்தச் சாமர்த்தியம் வருமா என்று பெருமை பேசி, பானையிலிருந்து வீட்டுக்கு ஒரு கரண்டி இலவசம் என்று அறிவித்துவிட்டான். பெண்கள் டம்ளரோடு வரிசையில் நின்றார்கள்.

அடுத்த வீட்டுத் தில்லையம்மாள் தன் பங்கை மோந்து பார்த்தாள்.

"ஏம்மா வேணி, இட்லி மாவு வாசனை இல்ல வந்துக்கினு இருக்குது?"

"மெட்ராஸ் கிருமி அக்கா. அங்கயும் இட்லிதானே துன்றாங்க."

சொல்லிவிட்டுக் கமலவேணி கொல்லைப் பக்கம் போனாள். பாட்டில் கைநழுவி உடைந்த அன்றைக்குப் பொறுக்காமல் விட்ட ஒரு கண்ணாடிச் சில்லு, ஆட்டுக்கல் ஓரமாக இன்னும் கிடந்தது. அன்றைக்கு அவசரத்தில் பானையில் ஊற்றக் கைக்குக் கிடைத்தது ஒரு கரண்டி இட்லி மாவுதான்.

சில்லை மண்ணுக்குள் தள்ளி மூடினாள். பிறகு புருஷனைக் கோயிலுக்குக் கிளம்பச் சொன்னாள்.

மொட்டை பாக்கி இருந்தது.