ஐந்தாவது வயர்

டோர்ச்சை அவள் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

வெளிச்சம் அசையக்கூடாது.

அவளுடைய கணவன் நடைச் சுவரில் வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தும் பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, நாக்கைக் கடித்தபடி, உள்ளேயிருந்த வயர்களை ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டிருந்தான். சிவப்பு. வெள்ளை. மஞ்சள். பச்சை. ஊரில் பியூஸ் கட்டியதோடு நின்றுபோன அவனுடைய மின்சாரப் படிப்பு, காலையில் இரண்டு யூடியூப் வீடியோ பார்த்ததில் பட்டம் வரைக்கும் போயிருந்தது.

எதற்கும் இருக்கட்டும் என்று மெயினையே நிறுத்திவிட்டான். ஹீட்டரும் நின்றுவிட்டது. ஸ்காபரோ முழுக்கப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. வீடு மெல்ல மெல்ல ஆறியது.

அவளுக்குக் குளிர் உறைக்கவில்லை. கண் காலடியிலிருந்த பெட்டிக்கே போனது.

புதிய தெர்மோஸ்டாட் அதற்குள் கிடந்தது. கறுப்புக் கண்ணாடி முகம். காலையிலிருந்து நாலு தரம் அதன் புகழைப் பாடிவிட்டான். வீட்டில் ஆள் நடமாடினால் அதற்குத் தெரியுமாம். நடமாட்டம் இல்லையென்றால் சூட்டைத் தானே குறைத்துவிடுமாம். வேலையிடத்திலிருக்கும் அவனுடைய போனுக்கும் சொல்லிவிடுமாம், வீட்டில் ஒருவரும் இல்லை என்று.

பெருமையோடுதான் சொன்னான். சந்தேகப்பட்டு வாங்கவில்லை. அவனுக்குச் சந்தேகப்படவே தெரியாது. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். அவளுக்கு இருந்தது.

செவ்வாயும் வியாழனும் காலை பத்து மணிக்கு, அவன் வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போன பிறகு, அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு சந்திவரை நடப்பாள். கார் பழக்குகிற மனோ அக்கா அங்கே காத்து நிற்பார். வாசலுக்கு வரவேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவைத்திருந்தாள்.

மூன்று மாதம். வருகிற வியாழன் பத்தரைக்கு ரோட் டெஸ்ட்.

"நான் இருக்கேக்கை உமக்கு என்னத்துக்கு லைசன்ஸ்" என்று போன வருடம் சிரித்தான். கோயில், கடை, டாக்டர், எங்கே என்றாலும் அவனே கொண்டுபோய் விடுவான். முகம் சுளித்ததில்லை. ஆனால் பள்ளியில் மகள் விழுந்து கை முறிந்த அன்று அவன் போனை எடுக்கவில்லை. அவள் பஸ் தரிப்பிடத்தில் பனிக்குள் நாற்பது நிமிடம் நின்றாள். மகள் அழுததைப் போனில் கேட்டுக்கொண்டே நின்றாள்.

அவன் அதை மறந்துவிட்டான். அவள் மறக்கவில்லை.

"புதிசிலை சி எண்டு ஒரு ஓட்டை கிடக்கு. அதுக்கு வயர் இல்லை."

அவன் பெட்டியிலிருந்த தாளை எடுத்துச் சத்தமாக வாசித்தான். ஐந்தாவதாக ஒரு வயர் வேண்டும். அது இல்லாவிட்டால் புதியது வேலை செய்யாது. சில வீடுகளில் நீல வயர் ஒன்றைப் பாவிக்காமல் சுவருக்குள்ளேயே மடித்து விட்டிருப்பார்கள். தேடிப் பார்க்கவும்.

அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள்.

அவன் உயரம், மேலிருந்து பார்த்தான். அவள் அவனுடைய தோளுக்குக்கூட வரமாட்டாள். கீழிருந்து பார்க்கிறவளுக்குத்தான் அது தெரிந்தது. சுவர் ஓட்டையின் மேல் விளிம்புக்குப் பின்னால், மற்ற வயர்களோடு சுற்றி மடித்தபடி, மெல்லிய நீலம்.

டோர்ச்சை ஒரு விரலளவு சாய்த்தாள். நீலம் இருட்டுக்குள் போனது.

"வடிவாப் பிடியுமப்பா."

வடிவாகத்தான் பிடித்திருந்தாள்.

அவன் விரலை உள்ளே விட்டுத் துழாவினான். நகம் எதிலோ சுரண்டியது. விரல் வெறும் வெள்ளைத் தூளோடு வெளியே வந்தது.

அவன் விலகி நின்று அவளுக்கு இடம் விட்டான்.

"நீர் ஒருக்காப் பாரும். நீலமா ஏதும் தெரியுதோ?"

அவள் பார்த்தாள். நீலம் அங்கேயே இருந்தது.

இந்த மூன்று மாதத்தில் அவள் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. அவன் கேட்டதில்லை, அவள் சொன்னதில்லை. இப்போது கேட்கிறான்.

"ஒண்டும் இல்லையப்பா."

உடனே நம்பிவிட்டான். இன்னொரு தரம் எட்டிப் பார்த்திருந்தாலாவது அவளுக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

நாலு வயரையும் பழையதிலேயே திரும்பக் கொளுவினான். வேலையிடத்தில் எலெக்ட்ரீஷியன் ஒருத்தன் இருக்கிறானாம். வெள்ளி பின்னேரம் கூட்டிக்கொண்டு வருவானாம்.

வெள்ளி.

டெஸ்டுக்கு அடுத்த நாள்.

திருகாணி ஒன்று கைதவறி எங்கோ உருண்டது. குனிந்து தேடினான், கிடைக்கவில்லை. வேறொன்று எடுத்துவருகிறேன் என்று அவளிடமிருந்து டோர்ச்சை வாங்கிக்கொண்டு பேஸ்மென்டுக்கு இறங்கினான்.

பழைய தெர்மோஸ்டாட் வயர்களில் தொங்கியது. அவள் இருட்டில் நின்றாள்.

பிறகு அதை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, இரண்டு விரல்களைச் சுவருக்குள் விட்டாள். நீல வயர் உடனே அகப்பட்டது. இன்னும் உள்ளே தள்ளிவிடலாம். ஒரு தள்ளுத்தான், பிறகு எந்த எலெக்ட்ரீஷியனுக்கும் தெரியாது.

விரல்கள் அதைப் பிடித்தபடி நின்றன.

கீழே அவன் தகர டப்பாவைக் கிளறும் சத்தம் கேட்டது. ஏதோ பாட்டை முணுமுணுத்தான்.

அவள் சுற்றைப் பிரித்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. நுனியை வெளியே இழுத்து, விரலால் நீவி நிமிர்த்தினாள். வெள்ளி பழையதைக் கழற்றியதும் கண்ணில் படவேண்டும். அதற்கு முதல், வியாழன் இரவே, லைசன்ஸ் விஷயத்தை அவனிடம் அவள் சொல்லியிருப்பாள், பாஸோ பெயிலோ. சொல்ல வாய் வராவிட்டால், வெள்ளி அந்த நீலமே சொல்லட்டும்.

படியில் அவனுடைய காலடி கேட்டது.

பழையதை அதன்மேல் வைத்துச் சுவரோடு அழுத்திப் பிடித்தாள். அவன் வந்து திருகாணியைப் பூட்டி முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.