சிந்துனா தெரியும்

கடத்தூரில் பஸ் ஏறும்போதே பானுமதி முடிவு செய்துவிட்டாள். இன்றைக்கு நாலு பேர் முன்னால் அண்ணியை நறுக்கென்று கேட்டுவிட்டு, அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

கேட்காமல் எப்படி இருப்பது? இண்டூரில் அவள் பிறந்த வீட்டுச் சமையலறையை அண்ணி சந்தியா இடித்துத் தள்ளிவிட்டு, வெள்ளைவெளேரென்று புதுக் கிச்சன் கட்டியிருக்கிறாள். அம்மா ஆசை ஆசையாகச் சேர்த்த எவர்சில்வர் பாத்திரமெல்லாம் பரண் ஏறிவிட்டதாம். போனில் கேட்டால் அம்மா, "எல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். மகளுக்குப் புரியாதா?

இன்றைக்குப் புது அடுப்பில் பால் காய்ச்சி, உறவுக்கெல்லாம் களி விருந்து. பானுமதி நேராகக் கிச்சனுக்குள் போனாள்.

சுவர் வெள்ளை, மேடை வெள்ளை, கதவு வெள்ளை, தரைகூட வெள்ளை. கைப்பிடிகளும் பாத்திரங்களும் மட்டும் கன்னங்கரேல். மருந்துக்குக்கூட ஒரு பளபளப்பு இல்லை.

"ஆஸ்பத்திரியாட்டம் இருக்குதுங்க அண்ணி."

சந்தியா சிரித்தாள். "வா பானு. காபி குடிக்கிறியா?"

அம்மாவின் அக்கா சின்னக்காவும் சேர்ந்துகொண்டாள். "ராகிக் களி கிண்டுற வூட்டுக்கு வெள்ளைக் கிச்சன் எதுக்கும்மா? ஒரு சொட்டு கொழம்பு சிந்துனாலும் பளிச்சுன்னு தெரியுமே!"

"தெரியட்டுங்க பெரியத்தை."

என்ன திமிர்! அண்ணன் ஜெயபால் பந்தியைக் கவனிக்கிற சாக்கில் வெளியே நழுவிவிட்டான்.

"எங்கம்மாவுக்கு இதுல என்னங்க அண்ணி வேலை? ஓரமா நின்னு வேடிக்கை பாக்கறதா?"

"அத்தைதான் இன்னைக்கிக் களி கிண்டுறாங்க."

"சரி, கிண்டட்டும். அம்மா தடுமாறுனா இன்னைக்கே எங்கூடக் கடத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். அப்பறம் என்னையக் குத்தம் சொல்லக் கூடாது."

சந்தியாவின் முகம் சட்டென்று வாடியது. மாமியாரைப் பார்த்தாள். ராணியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "தள்ளுங்கடி" என்றாள்.

அம்மா தடுமாறுவாள் என்றுதான் பானுமதி நினைத்தாள். போன பொங்கலுக்குக் களியெல்லாம் கட்டி கட்டியாக இருந்தது. குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. "உனக்கு என்னாச்சும்மா, கண்ணு தெரியலியா?" என்று தட்டைத் தள்ளிவைத்தவள் அவள்தான். எல்லாம் அண்ணியின் இம்சையால் வந்தது என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள்.

ஆனால் அம்மா தடுமாறவில்லை. கறுப்புப் பானையில் தண்ணீர் கொதித்ததும் மாவைக் கொட்டினாள். வெந்ததும் பானையை அந்த வெள்ளைத் தரையில் இறக்கி, கவட்டைக் கட்டையால் பானைக் கழுத்தை அணைத்து, அதைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு துடுப்பால் கிண்டினாள் பாருங்கள், கிச்சனே அதிர்ந்தது. சிந்திய மாவைத் தானே துடைத்தாள். உருண்டைகள் ஒன்றுபோல வரிசையாக விழுந்தன.

சின்னக்கா ஒரு வாய் விழுங்கிவிட்டுக் கத்தினாள். "அடி ராணி! ஒரு கட்டி இல்லையேடி! உன் கை திரும்பி வந்துருச்சு!"

கூடியிருந்தவர்கள் எல்லாம் ஆமாம் போட்டார்கள். ராணியம்மாளுக்குத் தலை கால் புரியவில்லை. "இன்னும் ரெண்டு படி மாவு கொண்டாங்க" என்றாள்.

பானுமதிக்குப் பெருமை பாதி, ஏமாற்றம் பாதி. கொண்டுவந்த பையைப் பிரித்து, பளபளவென்று ஒரு எவர்சில்வர் குண்டானை எடுத்து மேடைமேல் வைத்தாள்.

"எங்கம்மாவுக்கு நான் குடுக்கற சீரு. கொழம்ப இதுல ஊத்தும்மா."

அம்மா கரண்டியோடு திரும்பினாள். இடது கை மேடையைத் தடவியது. இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது. குண்டான் கண்ணெதிரேதான் இருந்தது. விரல் இடித்து, அது கீழே விழுந்து உருண்டது.

"ஐயோ, என் கை பட்டுருச்சு!" என்று சந்தியா ஓடி வந்தாள். அதே வேகத்தில் ஒரு கறுப்புச் சட்டியை மேடையில் வைத்தாள். அம்மாவின் கை நேராக அதன் விளிம்பைப் பிடித்தது.

பானுமதி உருண்ட குண்டானை எடுத்து ஓரமாக வைத்தாள். அண்ணியைப் புழக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"உங்க கை அங்க இல்லவே இல்லைங்க அண்ணி."

சந்தியா புழக்கடைக் கதவைச் சாத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஒரு வருசமாச்சு பானு. கண்ணு நரம்பு வாடிப்போச்சு. போனது திரும்பாது, இருக்கறதக் காப்பாத்தலாம்னாரு டாக்டர். வெள்ளை மேல கறுப்பா இருந்தா அத்தைக்கி நல்லாத் தெரியுது. பளபளப்பா இருந்தாத்தான் கூசுது. 'தெரிஞ்சா என்னைய மூலைல உக்கார வெச்சிருவாங்க, எம்மககிட்டகூடச் சொல்லாத'ன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. நீயும் தெரிஞ்சமாதிரி காட்டிக்காத."

போன பொங்கலுக்குக் கண்ணு தெரியலியா என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பானுமதி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, எல்லோர் முன்னாலும் புருசனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, வர்றப்ப தருமபுரில ஒரு இரும்புச் சட்டி வாங்கிட்டு வாங்க. கறுகறுன்னு இருக்கோணும். அப்பறம், நம்ம வூட்டுக் கிச்சனுக்கும் வெள்ளைதான் அடிக்கறோம்."

சின்னக்கா கையிலிருந்த களி உருண்டை அப்படியே நின்றது. "உனக்கும் அந்தப் பைத்தியம் ஒட்டிக்கிச்சாடி? சிந்துனா தெரியுமே!"

பானுமதி அடுப்படியைப் பார்த்தாள். அம்மா அடுத்த பானைக்கு மாவு அளந்துகொண்டிருந்தாள், ஒரு துளி சிந்தாமல்.

"நல்லாத் தெரியட்டும் பெரியம்மா."