ஒரு சொட்டு இறங்காது

ஆவடிக் கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில், பவ்யா நான்காவது மழை ஜாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்பித் தையல் மேல் நகத்தை ஓட்டுகிறாள். போன மாதம் இங்கே வாங்கிய ஜாக்கெட், செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்டும்போது முதல் மழையிலேயே தோளில் ஒழுகியது. திருப்பிக் கொண்டுவந்தபோது கடைக்காரர் சம்பந்தம், "அது மழை இல்லம்மா, உன் வேர்வை" என்று அனுப்பிவிட்டார். இப்போதும் பல் குத்திக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்க்கிறார். "எத்தினி தபா தடவுவ? மலையோ ஏரியோ, வருசம் பூரா போட்டுகினு போ. ஒரு சொட்டு இறங்காது." பவ்யா ஜாக்கெட்டின் தோளைக் குழியாக்கித் தன் பாட்டில் தண்ணீரை அதில் கவிழ்க்கிறாள். தளும்பும் துணியை இரண்டு கையாலும் தூக்கி, மேசைமேல் கிடக்கும் அவருடைய புது போனுக்கு நேர் மேலே பிடிக்கிறாள். பல்குச்சி அவர் உதட்டில் அப்படியே நிற்கிறது. துணியின் அடிப்பக்கம் இன்னும் காய்ந்துதான் இருக்கிறது. சம்பந்தத்தின் கை மெல்ல நீண்டு போனை இழுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறது. பவ்யா ஜாக்கெட்டை இறக்கவில்லை. "என்னண்ணே," என்கிறாள், "வேர்க்குதா?"